பாதரச இலக்கில் அழுத்த அலை: சுவரை அரிப்பது தள்ளுவிசையா, இழுவிசையா?

#1 வெண்கதிர்

அனைவருக்கும் வணக்கம். நியூட்ரான் மூலங்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் எனக்கே விளங்காமல் போனதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் எஸ்.என்.எஸ். என்னும் நியூட்ரான் மூலம், அதாவது ஆய்வுக்காக நியூட்ரான்களைப் பிறப்பிக்கும் நிலையம், 2006 முதல் இயங்குகிறது. ஏறத்தாழ 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் (அண்மை மேம்பாட்டுக்குப் பின் 1.3) ஆற்றலுள்ள புரோட்டான்கள், நொடிக்கு 60 துடிப்புகளாக, எஃகுக் கொள்கலனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாதரசத்தின்மீது பாய்கின்றன. இந்தப் பாதரசக் கொள்கலனையே இலக்கு என்கிறோம். பாதரச அணுக்கருக்கள் உடைந்து நியூட்ரான்கள் தெறிக்கின்றன. 1.4 மெகாவாட் திறனில் ஒரு துடிப்பின் ஆற்றல் 23 கிலோ ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை 28 பாகை சூடாக்கும் அளவுதான் அது. ஆனால் அந்த 23 கிலோ ஜூலும் 0.7 மைக்ரோ நொடிக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மட்டும் திறன் 33 கிகாவாட்.

இதில் பாதிக்கு மேல் பாதரசத்திலேயே வெப்பமாகத் தங்குகிறது. புரோட்டான் கற்றை செறிவாக விழும் இடத்தில் வெப்பநிலை ஒரு துடிப்புக்குச் சில பாகைகள்தான் உயர்கிறது என்றாலும், அவ்வளவு குறுகிய காலத்தில் பாதரசத்தால் விரிந்து விலக முடிவதில்லை. அதன் பருமக் குணகம் (சுருங்க மறுக்கும் இறுக்கத்தின் அளவு) சுமார் 28 கிகா பாஸ்கல், பரும விரிவுக் குணகம் பாகைக்கு 0.00018. இரண்டையும் பெருக்கினால் பாகைக்கு 5 மெகா பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 50 வளிமண்டல அழுத்தம் வருகிறது. 6, 7 பாகை உயர்ந்தால் 30 மெகா பாஸ்கலைத் தாண்டும். இதேபோல் பாதரச இலக்கைக் கொண்ட ஜப்பானின் ஜே-பார்க் மையத்தில் இந்த அழுத்தம் 40 மெகா பாஸ்கல் வரை எழக்கூடும் என்று அதைக் கட்டியவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 316எல் வகைத் துருவேறா எஃகு 200 மெகா பாஸ்கல் வரையிலேனும் நிரந்தரமாக வளையாமல் தாங்கும். சுவரின் வடிவத்தைச் சரியாக அமைத்தால் 40 மெகா பாஸ்கல் அலையைச் சமாளிக்கலாம் என்றே தோன்றுகிறது. அப்படியிருக்க, பயன்படுத்தி முடித்த இலக்குகளைத் திறந்து பார்த்தபோது உட்சுவரில் ஆழமான குழிகள் இருந்தன என்று படிக்கிறேன். தாங்கக்கூடிய அழுத்தம் சுவரை அரித்தது எப்படி?

#2 ஏற்றக்காரர்

ஐயா, நான் அணுக்கரு படித்தவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரேற்றும் பம்புகளைப் பழுதுபார்த்து வருகிறேன். நீங்கள் சொல்லும் குழிகளைப் போன்றவற்றை நான் வாரந்தோறும் பார்க்கிறேன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

உறிஞ்சு குழாயில் அடைப்பு இருந்தாலோ, கிணற்று மட்டம் மிகவும் இறங்கிவிட்டாலோ, பம்பு ஓடும்போது உள்ளே ஜல்லிக்கற்களைப் போட்டுச் சுழற்றுவதுபோல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டும் கேளாமல் ஓட்டினால் சில மாதங்களில் இம்பெல்லர், அதாவது நீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரம், என்னிடம் வந்துவிடும். கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால், இதழின் நுழைவாயில் ஓரத்தில் உட்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குத் தேனடைபோல் துளைத்திருக்கும். நகத்தால் கீறினால் பொடி உதிரும். அதே இதழின் மறுபக்கம், வெளிவாயில் அருகே, வார்த்தபோது இருந்த வழவழப்பு மாறாமல் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அழுத்தம் மிகுதியாக உள்ள இடம் வெளிவாயில்தான். அழுத்தம் மிகக் குறைவாக உள்ள நுழைவாயிலில்தான் அரிப்பு. எங்கள் தொழிலில் இதைக் கேவிட்டேஷன் என்போம். நீர் தள்ளுவதால் உலோகம் கெடுவதில்லை. நீரை இழுத்து அது கிழிந்து குமிழாகி, அந்தக் குமிழ் மறுபடி மூடிக்கொள்ளும் இடத்தில்தான் கெடுகிறது. பாதரசத்திலும் அப்படித்தான் நடக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

#3 அலைவரிசை

ஏற்றக்காரர் ஐயா சொன்னதே விடை. அந்த இழுவிசை பாதரசத்தில் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

பாதரசத்தில் ஒலி நொடிக்கு 1450 மீட்டர் செல்கிறது. கற்றை பாயும் 0.7 மைக்ரோ நொடியில் ஒலி கடக்கும் தொலைவு 1 மில்லிமீட்டர். எஸ்.என்.எஸ்.ஸில் கற்றையின் குறுக்குப் பரப்போ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. சூடான பகுதியின் நடுவிலுள்ள பாதரசத்துக்கு, தன்னைச் சுற்றி விரிய இடம் உண்டா இல்லையா என்ற செய்தி சென்று சேரவே 20 மைக்ரோ நொடிக்கு மேல் ஆகும். எனவே துடிப்பு முடியும்வரை பாதரசம் விரியாமல் இறுகி நிற்கிறது. அதன்பிறகுதான் அழுத்தம் அலையாகப் புறப்படுகிறது.

அந்த அலை சுவரை அடைந்ததும் என்ன ஆகிறது என்பதில்தான் வெண்கதிர் ஐயாவின் ஐயம் தீரும். எஃகு கனமானது, உறுதியானது. ஆகவே அலை சுவரில் மோதி அழுத்தமாகவே திரும்பும் என்று எண்ணத் தோன்றும். சுவர் மிகவும் தடிமனாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் கற்றை நுழையும் முகப்பில் சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்களே. 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 24 கிலோதான் எடை. பாதரசத்தின் அலைத்தடையோடு (அடர்த்தியையும் ஒலி வேகத்தையும் பெருக்கி வருவது) ஒப்பிட்டுக் கணக்கிட்டால், அலை தட்டிய ஒன்றிரண்டு மைக்ரோ நொடிகளிலேயே அந்தத் தகடு வெளிப்புறமாக நகரத் தொடங்கிவிடும். நகர்ந்த சுவர் பின்னாலுள்ள பாதரசத்தையும் தன்னோடு இழுக்கிறது. எனவே தள்ளுவிசையாக வந்த அலை இழுவிசையாகத் திரும்புகிறது. அன்றாட நீர்மங்களைப் போலவே பாதரசத்திலும் நுண்ணிய வளிமக் கருக்கள் இருப்பதால், மிகச் சிறிய இழுவிசையிலேயே அது கிழிந்து குமிழ்களாகிறது. அக்குமிழ்கள் வளர்ந்து, அழுத்தம் மீண்டதும் சுவரை ஒட்டிச் சுருங்கி உடைகின்றன. சுவருக்கு அருகே உடையும் குமிழ் உருண்டை வடிவம் மாறாமல் உடைவதில்லை. சுவருக்கு எதிர்ப்பக்கம் உள்வாங்கி, குமிழின் நடுவே ஊசிபோன்ற ஒரு தாரை பாய்ந்து சுவரைக் குத்துகிறது.

நீரிலும் இதே தாரைதான். ஆனால் தாரையின் தாக்கழுத்தம் நீர்மத்தின் அடர்த்தி, ஒலி வேகம், தாரை வேகம் ஆகிய மூன்றின் பெருக்கம். நொடிக்கு 100 மீட்டர் வேகத் தாரை என்று வைத்துக்கொண்டால் நீருக்கு 150 மெகா பாஸ்கல் வருகிறது. பாதரசத்துக்கோ 2000 மெகா பாஸ்கலை நெருங்குகிறது. வெண்கதிர் ஐயா குறிப்பிட்ட 200 மெகா பாஸ்கல் எல்லை இதன் முன் எங்கே நிற்கும்?

#4 உலைக்களம்

உலோகவியல் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

இந்தச் சிக்கல் முதலில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1990களில் எஸ்.என்.எஸ்., ஜே-பார்க் இரண்டும் வரைபடத்தில் இருந்த காலத்தில், அழுத்த அலையால் கொள்கலன் அதிர்ந்து களைப்படையும், அதாவது மீண்டும் மீண்டும் வரும் அதிர்வால் விரிசல் விடும் என்பதே கவலையாக இருந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பாதரசக் கொள்கலன்மீது 24 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களைச் செலுத்திச் சுவரின் திரிபை (அது எவ்வளவு நீண்டு சுருங்குகிறது என்பதை) அளந்ததும் அந்தக் கவலையால்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள், கற்றையே இல்லாமல், உலோகத் தண்டால் பாதரசத்தைத் தட்டி அலை எழுப்பும் சோதனைகளைச் செய்தபோது பாதரசம் தொட்டுக்கொண்டிருந்த எஃகுப் பரப்பில் நுண்குழிகளைக் கண்டார்கள். கற்றையிலும் இது நடக்குமா என்ற ஐயத்தைத் தீர்க்க 2001 சூலையில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் உண்மையான புரோட்டான் துடிப்புகளைக் கொண்டு சோதித்தார்கள். அங்கும் குழிகள் இருந்தன. கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த முடிவு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எஸ்.என்.எஸ்.ஸின் முதல் இலக்கு மூன்று ஆண்டுகள் உழைத்தபின் 2009இல் மாற்றப்பட்டது. முகப்பிலிருந்து வட்டத் துண்டுகளைத் தொலைவியக்கத்தால் வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். அந்த முகப்பில் இரண்டு சுவர்கள் உண்டு. அவற்றுக்கிடையே ஒரு குறுகிய வழியில் பாதரசம் வேகமாக ஓடும். உட்சுவரின் உட்பக்கம், அதாவது பெரும் பாதரசத்தைப் பார்த்த பக்கம், கற்றை மையத்தில் கடுமையாக அரிக்கப்பட்டிருந்தது. குறுகிய வழியைப் பார்த்த பரப்புகளில் சேதம் மிகவும் குறைவு. எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கியிருப்பதாலும் ஓட்டம் விரைவாக இருப்பதாலும் அங்கே குமிழ் பெரிதாக வளர இடமில்லை, உடையும் தாரையும் சுவருக்கு நேர்குத்தாக அமைவதில்லை என்பதே காரணம். இந்தப் பாடத்தைப் பின்வந்த வடிவமைப்புகள் எடுத்துக்கொண்டன.

இன்னொன்று, துடிப்புகளின் எண்ணிக்கை. நொடிக்கு 60 என்றால் நாளொன்றுக்கு 51 லட்சத்து 84 ஆயிரம். நூறு நாளில் 50 கோடியைத் தாண்டும். பொறியியல் கட்டுமானங்களில் ஒரு கோடிச் சுற்றைத் தாங்கினால் போதும் என்று கணக்கு வைப்பது வழக்கம். அந்தக் கணக்கு இங்கே இரண்டாம் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

#5 புதுமாணவி

ஆய்வு மாணவி என்ற முறையில் ஒரு கேள்வி. கொள்கலனை முழுவதும் நிரப்பாமல், மேலே சிறிது வெற்றிடம் விட்டால் பாதரசம் அதற்குள் விரிந்துகொள்ளாதா? வெப்பமானிக் குழாயிலும் மேலே இடம் விடுகிறோமே.

சென்ற வாரம் இதைப் பற்றிப் படித்தபோது, ஜே-பார்க்கில் 2015இல் இரண்டு இலக்குகள் அடுத்தடுத்துப் பழுதானதற்கும் இந்த அழுத்த அலையே காரணம் என்று புரிந்துகொண்டேன். அது சரிதானா?

#6 அலைவரிசை

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வெப்பமானியில் வெப்பம் நொடிக்கணக்கில் ஏறுகிறது. அதற்குள் ஒலி குழாயின் நீளத்தை ஆயிரக்கணக்கான முறை கடந்துவிடும். ஆகவே பாதரசம் இறுகாமல் மேலேறுகிறது. இங்கோ மேற்பரப்பு 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும், விரிவதற்கு இடமிருக்கிறது என்ற செய்தி 70 மைக்ரோ நொடி கழித்தே சூடான பகுதிக்கு வரும். அழுத்தம் அதற்கு முன்பே உருவாகி, சுவரையும் தட்டியிருக்கும்.

அது மட்டுமன்று, திறந்த பரப்பு நிலைமையை மோசமாக்கவும் கூடும். திறந்த பரப்பில் மோதும் அழுத்த அலை முழுவதும் இழுவிசையாகத் திரும்பும். மெல்லிய சுவரைவிடக் கொடிய இழுவிசை மூலம் அது. 2007இல் செர்ன் ஆய்வகத்தில் 15 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் பாதரசத்தைச் சுவரே இல்லாத தாரையாகப் பாய்ச்சி, புரோட்டான் கற்றையால் தாக்கிப் படம் எடுத்தார்கள். தாரை பல இடங்களில் வெடித்து இழைகளாகச் சிதறியது. காந்தப்புலம் கூடக்கூடச் சிதறல் தணிந்தது. அந்தச் சோதனையின் நோக்கம் வேறு என்றாலும், திறந்த பரப்பு என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டியது வேறொன்றில்லை.

#7 ஏற்றக்காரர்

தங்கையின் கேள்வி எனக்கு ஒன்றை நினைவூட்டியது. நீண்ட குழாயில் நீர் ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாயே அதிரும்படி அடி விழும். இதற்கு நாங்கள் செய்வது இரண்டு. ஒன்று, வால்வை மெதுவாக மூடுவது. இன்னொன்று, வால்வுக்கு மிக அருகில் ஒரு காற்றுக் கலன் வைப்பது. ஏர் வெசல் என்போம். அடி வரும்போது உள்ளிருக்கும் காற்று அழுங்கி அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கலனை நூறு அடி தள்ளி வைத்தால் பயனில்லை. வீட்டுக்காரர் இடமில்லை என்று தள்ளி வைக்கச் சொன்ன இடங்களில் எல்லாம் குழாய் இணைப்பு தெறித்துப்போய் மறுபடி அழைத்திருக்கிறார்கள். பாதரசத்தில் அடி எங்கே பிறக்கிறதோ அங்கேயே காற்றை வைக்க வழி உண்டா?

#8 அலைவரிசை

உண்டு, அதைத்தான் இரண்டு மையங்களும் செய்தன. பாதரசம் எங்கெங்கே சூடாகிறதோ அங்கெல்லாம், ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் ஒரு காற்றுக் கலன் இருக்க வேண்டும். அதாவது, ஹீலியம் நுண்குமிழ்களைப் பாதரசத்தோடு கலந்து ஓடவிட வேண்டும்.

எவ்வளவு வளிமம் வேண்டும் என்பதைக் கைக்கணக்காகவே போடலாம். 7 பாகை வெப்ப உயர்வுக்குப் பாதரசம் கேட்கும் கூடுதல் இடம் 0.13 விழுக்காடு. ஆயிரத்தில் ஒரு பங்கு வளிமம் இருந்தாலே அது குறிப்பிடத்தக்க இடத்தை விட்டுக்கொடுக்கும். இன்னொரு விளைவும் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு குமிழ் கலந்த பாதரசத்தில், சுமார் 3 வளிமண்டல அழுத்தத்தில், தாழ்ந்த அதிர்வெண் ஒலியின் வேகம் 1450 மீட்டரிலிருந்து 150 மீட்டராக இறங்கிவிடும். நான் இதை முதன்முறை கணக்கிட்டபோது ஒரு சுழியத்தைத் தவறவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன், விடை சரிதான். எடை சற்றும் மாறாமல், இறுக்கம் மட்டும் நூறில் ஒரு பங்காகக் குறைவதால் அப்படி ஆகிறது. குமிழ்கள் அழுங்கி விரியும்போது அவற்றின் வெப்பம் பாதரசத்துக்குக் கசிவதால், எஞ்சும் அலையும் விரைவில் ஓய்கிறது.

ஆனால் அளவைவிடக் குமிழின் பருமனே இங்கு முடிவு செய்கிறது. 30 மெகா பாஸ்கல் அழுத்தத்தில், 50 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழ் சுருங்க ஏறத்தாழ 1 மைக்ரோ நொடி ஆகும். துடிப்பின் நீளத்துக்கு அது ஒத்துப்போகிறது. அரை மில்லிமீட்டர் குமிழ் என்றால் 10 மைக்ரோ நொடி. ஒரே அளவு வளிமத்தைப் பெரிய குமிழ்களாகச் செலுத்தினால், அவை விழித்துக்கொள்வதற்குள் அலை உருவாகிப் போய்விடும். காற்றுக் கலனைத் தள்ளி வைத்த வீட்டின் கதைதான்.

சிறு குமிழ் செய்வதும் எளிதன்று. பாதரசத்தின் பரப்பு இழுவிசை நீரைவிட ஆறேழு மடங்கு. சிறு துளை வழியே ஹீலியத்தைச் செலுத்தினால், துளையைவிடப் பல மடங்கு பெரிய குமிழாக வீங்கியபின்தான் அது பிரியும். ஜே-பார்க்கினர் பாதரசத்தைச் சுழலவிட்டு, சுழலின் மையத்தில் ஹீலியத்தைக் கொடுத்து, சுழல் உடையும் இடத்தில் அது நுண்குமிழ்களாகச் சிதறுமாறு ஒரு கருவி அமைத்தார்கள். எஸ்.என்.எஸ்.ஸில் 2017 அக்டோபரில் ஹீலியம் செலுத்துவது தொடங்கியது. அதன்பிறகு கொள்கலன் சுவரின் திரிபு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததை அளவீடுகள் காட்டின. 2018இல் 1.4 மெகாவாட் திறனில் தொடர்ந்து இயங்க முடிந்ததில் இதற்கு ஒரு பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

#9 உலைக்களம்

புதுமாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இந்தத் திருத்தம் தேவை.

ஜே-பார்க்கில் 2015 ஏப்ரலிலும் நவம்பரிலும் பழுதானவை பாதரசக் கொள்கலனின் சுவர்கள் அல்ல. கொள்கலனைச் சுற்றி, பாதரசம் கசிந்தால் பிடித்துக்கொள்வதற்காக, நீரால் குளிர்விக்கப்படும் ஒரு வெளியுறை உண்டு. அந்த உறையின் இணைப்புப் பகுதியிலிருந்து நீர்தான் கசிந்தது. அப்போது கற்றைத் திறன் 500 கிலோவாட் அளவில் இருந்தது. பற்றவைப்பு, இணைப்பு ஆகியவற்றின் குறைகளோடு வெப்பத் தகைவும் (வெப்பத்தால் உலோகத்துக்குள் எழும் விசை) சேர்ந்ததே காரணம். அதன்பின் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உறையின் முன்பகுதியை ஒரே உலோகக் கட்டியிலிருந்து மின்பொறிக் கம்பியால் வெட்டியெடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

எஸ்.என்.எஸ்.ஸிலும் 2012இல் இரண்டு இலக்குகள் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே கசிந்தன. அங்கும் பற்றவைப்பு இடங்களே காரணம். ஆனால் அதிர்வு இல்லாதிருந்தால் அந்தக் குறைகள் விரிசலாக வளர்ந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. அரிப்பு முகப்பின் மையத்தில் நடக்கிறது. களைப்பு, சுவர் வளையும் மூலைகளிலும் பற்றவைப்புகளிலும் நடக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒரே அலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மருந்து மாறிவிடும். சுவரைத் தடிமனாக்கினால் களைப்பு குறையலாம். ஆனால் முகப்பில் தடித்த எஃகு கற்றையால் தானே சூடாகிவிடும். பரப்பில் கரிமத்தை ஊடுருவவிட்டு எஃகைக் கடினமாக்கினால் குழிகள் தோன்றுவது தாமதமாகும். களைப்புக்கு அது முழு மருந்தாகாது.

அலைவரிசை நண்பர் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜே-பார்க்கில் இலக்குக்கு முன்னால் எண்முனைக் காந்தங்களை வைத்து, கற்றையின் நடுக்குவியலை ஓரங்களுக்குப் பரப்பி, மேடுபோல் இருந்ததைத் தட்டையாக்கினார்கள். மொத்த ஆற்றல் மாறவில்லை. உச்சச் செறிவு மட்டும் குறைந்தது. எழும் அழுத்தம் உச்சச் செறிவைப் பொறுத்தது என்பதால், எஃகையும் பாதரசத்தையும் தொடாமலேயே அலையைத் தணிக்கும் வழி இது. எனக்கு இந்த முயற்சிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

#10 துலாக்கோல்

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: இவ்வளவு பாடுபட்டுப் பாதரசத்தைக் காப்பாற்ற வேண்டுமா?

இங்கிலாந்தின் ஐசிஸ் மூலம் 1984 முதல் திட உலோக இலக்கில் இயங்குகிறது. சீனாவின் டோங்குவான் மூலமும் திட டங்ஸ்டன்தான். சுவீடனின் லுண்ட் நகரில் கட்டப்படும் ஈ.எஸ்.எஸ்., தொடக்கத்தில் நீர்ம உலோகத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, ஹீலியத்தால் குளிர்விக்கப்படும் டங்ஸ்டன் சக்கரத்துக்கு மாறியது. அச்சக்கரத்தில் 36 பகுதிகள்; நொடிக்கு 14 துடிப்புகள்; ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த பகுதி முன்வரும்படி நிமிடத்துக்கு 23 சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். ஓக் ரிட்ஜே தன் இரண்டாம் இலக்கு நிலையத்துக்கு, 15 ஹெர்ட்ஸில் 700 கிலோவாட்டுக்கு, சுழலும் டங்ஸ்டனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு துடிப்புக்கு அங்கே ஏறத்தாழ 47 கிலோ ஜூல். முதல் நிலையத்தின் 1.4 மெகாவாட் துடிப்பைப்போல் இரு மடங்கு. பாதரசத்தை மிக நெருக்கமாக அறிந்தவர்களே அடுத்த முறை அதை விட்டுவிட்டார்கள் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. அதோடு, எஸ்.என்.எஸ்.ஸில் சுற்றிவரும் சுமார் 20 டன் பாதரசமும் கதிரியக்கம் ஏறியது. அதை ஒரு நாள் எங்கேனும் வைத்தாக வேண்டும்.

#11 அலைவரிசை

கேள்வி நியாயமானது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஈ.எஸ்.எஸ்.ஸை இந்தச் சிக்கலுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அதன் துடிப்பு 2.86 மில்லி நொடி நீளம். அந்தக் காலத்தில் பாதரசத்தில் ஒலி 4 மீட்டர் சென்றுவிடும். ஒரு துடிப்பின் ஆற்றல் 5 மெகாவாட் நிலையில் 357 கிலோ ஜூல் ஆனாலும், அங்கே பாதரசம் இருந்திருந்தால்கூட இத்தகைய அழுத்த அலை எழுந்திருக்காது. ஏற்றக்காரர் ஐயா சொன்னதுபோல், வால்வை மெதுவாக மூடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் 2006 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஈய-பிஸ்மத் நீர்ம இலக்கு இயங்கியபோதும் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அங்கே கற்றை துடிப்பாக அன்றி இடைவிடாது பாய்கிறது. ஈ.எஸ்.எஸ். நீர்ம உலோகத்தை விட்டதற்கும் பால் ஷெரர் அதை இயக்கிப் பார்த்ததற்கும் காரணங்கள் வேறு.

அப்படியானால் ஓக் ரிட்ஜில் ஏன் மெதுவாக மூடவில்லை? முடுக்கியிலிருந்து வரும் துடிப்பு அங்கேயும் 1 மில்லி நொடி நீளமானதுதான். அதை 248 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகளாக அடுக்கி, 0.7 மைக்ரோ நொடியாகச் சுருக்கிய பிறகே இலக்குக்கு அனுப்புகிறார்கள். இலக்கிலிருந்து புறப்படும் நியூட்ரான், அளவீட்டுக் கருவியை அடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டே அதன் வேகத்தை அறிகிறோம். எல்லா நியூட்ரான்களும் ஒரே கணத்தில் புறப்பட்டால்தான் அந்த நேரம் கூர்மையாக இருக்கும். ஆகவே அழுத்த அலை என்பது வடிவமைப்பின் பிழையன்று. அந்தக் கூர்மைக்குக் கொடுக்கும் விலை.

டங்ஸ்டனைப் பற்றி: குறுந்துடிப்பு திட உலோகத்திலும் தகைவு அலையை எழுப்பும். அங்கே கேவிட்டேஷன் இல்லை என்பது பெரிய நன்மைதான். ஆனால் அசையாத திட இலக்கில் திறன் ஏறஏறத் தகடுகளுக்கிடையே குளிர்நீரை மிகுதியாக விட வேண்டும். நியூட்ரான் பிறக்கும் இடம் பரந்து நீர்த்துப்போகும். சக்கரம் சுழன்றால் அந்தத் தடை தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்.என்.எஸ்.ஸை வரைந்த 1990களில் மெகாவாட் அளவுக்குச் சுழலும் இலக்கு எவரிடமும் இல்லை. பாதரசமோ வெப்பத்தைத் தானே எடுத்துச் செல்கிறது. நொடிக்கு 300 கிலோவுக்கு மேல் ஓடுகிறது. கதிர்வீச்சால் அதன் கட்டமைப்பு சிதைவதற்கு அதில் படிகமே இல்லை. சிதைவது கொள்கலன் மட்டுமே, அதை மாற்றிக்கொள்ளலாம்.

#12 துலாக்கோல்

துடிப்பு நீளத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை, ஈ.எஸ்.எஸ். சான்றைத் திரும்பப் பெறுகிறேன். ஓக் ரிட்ஜின் இரண்டாம் நிலையச் சான்றைத் திரும்பப் பெறவில்லை. அது குறுந்துடிப்பு நிலையம்தான். இன்று புதிதாக ஒன்றைத் தொடங்குபவர் சக்கரத்தையே தேர்வார் என்று நம்புகிறேன்.

#13 வெண்கதிர்

பாடக்குறிப்பின் அந்தப் பகுதியை மாற்றி எழுதிவிட்டேன். “அழுத்தத்தால் சுவர் அரிக்கப்படுகிறது” என்றிருந்த வரியை நீக்கி, சுவர் விலகுவதால் எழும் இழுவிசையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். வால்வும் காற்றுக் கலனும் ஏற்றக்காரர் ஐயாவின் இசைவோடு உள்ளே வந்திருக்கின்றன.

#14 ஏற்றக்காரர்

மகிழ்ச்சி ஐயா, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். பம்பைத் திறக்காமலேயே, உறைமேல் கையை வைத்தும் சத்தத்தைக் கேட்டும் உள்ளே அரிப்பு நடக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். பாதரசமோ ஒளி புகாதது. இலக்கை எவரும் நெருங்கவும் முடியாது. குமிழ்கள் வேலை செய்கின்றனவா என்பதை ஓடும்போதே எப்படி அறிகிறார்கள்?

#15 அலைவரிசை

நீங்கள் செய்வதையே தொலைவிலிருந்து செய்கிறார்கள் ஐயா. ஜே-பார்க்கில் இலக்குக் கொள்கலனின்மீது ஒரு சிறு எதிரொளிப்பு ஆடியைப் பொருத்தி, லேசர் ஒளியை அதன்மீது செலுத்தி, திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் கொள்கலன் எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்று அளக்கிறார்கள். ஹீலியம் ஓடும்போதும் ஓடாதபோதும் எடுத்த பதிவுகளை அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

எஸ்.என்.எஸ்.ஸில் கொள்கலன் சுவரிலேயே கண்ணாடி இழை உணரிகளை ஒட்டித் திரிபை அளக்கிறார்கள். மின்சார உணரிகள் அந்தக் கதிர்வீச்சில் இரைச்சலில் மூழ்கிவிடும். தொடக்கத்தில் ஒட்டிய சாதாரண இழைகளும் கதிர்வீச்சால் விரைவில் கறுத்து, இயக்கத்தின் முதற்பகுதியை மட்டுமே காட்டிவிட்டு மறைந்தன. பிறகு புளூரின் கலந்த உள்ளகம் கொண்ட இழைகளுக்கு மாறியபின் உணரிகள் நெடுநாள் தாங்கின. இலக்கு பழையதாகும்போது திரிபு எப்படி மாறுகிறது என்பதைப் பின்தொடர அதனால்தான் முடிந்தது.